சப்பாத்துக்குள் ஒரு தோட்டம்

புரொஃபெஷனல் டென்னிஸ் பிளேயர் என்று சொல்லிக்கொள்ள எந்தத் தகுதியும் தேவையில்லை. இணையத்தில் பெயரைப் பதிந்து சந்தாவைக் கட்டினால் போதும். அதற்குப் பிறகு டிவியில் கோப்பையை முத்தமிடுகிறவனும் புரொஃபெஷனல், நீங்களும் புரொஃபெஷனல். டென்னிஸ் என்கிற விளையாட்டின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். அந்தப் பலவீனத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

எனக்கு உலகத் தரவரிசையில் இடம் கிடையாது. ஆயிரத்துக்குக் கீழே, ரெண்டாயிரத்துக்குக் கீழே என்றெல்லாம் கற்பனை பண்ணாதீர்கள். அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் அவர்களுக்குக் கர்வம் வரும். லிஸ்ட் முடிந்த பிறகு பக்கம் வெள்ளையாக இருக்குமே, நான் அங்கே வசித்தேன்.

லிஸ்டில் ஏற ஒரே ஒரு பாயிண்ட் போதும். அந்த ஒரு பாயிண்ட் கிடைக்க, எவ்வளவு சின்னப் போட்டியாக இருந்தாலும் சரி, அதன் மெயின் ட்ராவில் ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும். மெயின் ட்ரா என்பது உள்வீடு. அதற்கு முன்னால் குவாலிஃபையிங் என்று ஒரு வாசல் இருக்கிறது. நான் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் அந்த வாசலிலேயே அடி வாங்கித் திரும்பிய ஆள். ஒவ்வொரு முறையும் அம்மா போன் பண்ணுவாள்.

"இன்னிக்கு யாருகிட்டடா தோத்த?"

ஜெயிச்சியா என்று கேட்கிற பழக்கத்தை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். (எந்த நாட்டுக்காரன், கல்யாணம் ஆனவனா என்பது வரை விசாரிப்பாள். ஜெயிச்சியா மட்டும் கேட்க மாட்டாள்.)

எங்கள் தோட்டம் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, அதிலும் பாதி போய் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. இங்கே விளையாட்டு என்றால் கால்பந்து, இல்லாவிட்டால் பேட்மிண்டன். மானேஜர் பங்களாவுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் டென்னிஸ் கோர்ட் இருந்தது. மானேஜர்கள் எல்லாரும் கோல்ஃபுக்கு மாறிவிட்டதால், கோர்ட் எனக்கும் நாலைந்து ஆடுகளுக்கும் சொந்தமானது. அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார், அம்மா கூலிமில் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். ரெண்டு பேருக்கும் டென்னிஸ் விதி ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் "ஒரு பாயிண்ட்" மட்டும் நன்றாகத் தெரியும். வீட்டில் நல்லது கெட்டது எது பேசினாலும் கடைசியில் அந்த ஒரு பாயிண்டில்தான் வந்து நிற்கும்.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா நெருங்கியபோது அம்மா ஒரு முடிவு எடுத்தாள். "ஆத்தா, என் பையனுக்கு அந்த ஒரு பாயிண்ட குடுத்துரு. அவன் காப்பு கட்டி பால்குடம் எடுப்பான்." பொதுவாகக் காரியம் நடந்த பிறகுதான் நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். அம்மா அட்வான்ஸ் கட்டுகிற ஆள்.

காப்பு என்பது மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. கட்டினால், திருவிழா முடிந்து கொடி இறங்கும் வரை கறி இல்லை, சவரம் இல்லை, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தோட்டத்து எல்லையைத் தாண்டவே கூடாது. அதனால்தான் ஷிப்ட் வேலைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கமே வருவதில்லை. வேலை வெட்டி இல்லாதவர்கள்தான் காப்புக் கட்டுவார்கள். புரொஃபெஷனல் டென்னிஸ் பிளேயர் என்கிற முறையில் நான் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

நான் படித்தவன். காலேஜில் ஸ்போர்ட்ஸ் சயின்ஸ். அறிவியல் மனப்பான்மை நிறைய உண்டு. அந்த மனப்பான்மையோடு வலது கையை நீட்டினேன், பூசாரி அய்யாவு கட்டினார்.

மறுநாள் காலை, பசியாறிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சுங்கைப்பட்டாணியில் ஒரு கிளப்பில் நடக்கும் சின்ன சர்வதேசப் போட்டியின் அமைப்பாளர், என்சிக் ரசாக்.

"சரவணன், ஒருத்தன் முட்டி வலின்னு விலகிட்டான். வைல்ட் கார்ட் யூக்கு. மெயின் ட்ரா. போலே?"

"போலே, போலே!" என்று கத்தினேன். முடியும் என்பதை மலாயில் அவ்வளவு சத்தமாக அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வைல்ட் கார்ட் என்றால் வாசலில் அடி வாங்கத் தேவையில்லை, நேராக உள்வீட்டில் போய் அடி வாங்கலாம். ஒரே ஒரு மேட்ச் ஜெயித்தால் பாயிண்ட். அதுவும் பாங்காக்கில் இல்லை, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில். அம்மாவிடம் ஓடினேன்.

"ஆத்தா குடுத்துட்டாடா! ஒரே ராத்திரியில குடுத்துட்டாடா!" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது. கண் என் மணிக்கட்டில் இருந்தது. "ஐயோ."

"கழட்டிட்டு போலா," என்றார் அப்பா, ரொட்டியை மென்றுகொண்டே.

"கழட்டுனா கை வெளங்காது."

"கட்டியிருந்தா போக முடியாது. கழட்டுனா ஆட முடியாது. நல்லாதான் வேண்டிக்கிட்ட நீ."

அன்று சாயங்காலம் கோவில் கமிட்டி அவசரக் கூட்டம். தலைவர் முனியாண்டி மாமா, கூலிம் ஃபேக்டரி ஒன்றில் செக்யூரிட்டி. யாரை எந்த கேட்டுக்கு வெளியே விடலாம் என்பதில் தொழில்முறை அனுபவம் உள்ளவர். பொருளாளர் சேகர் அண்ணன், பூசாரி அய்யாவு, நாங்கள் மூன்று பேர், எல்லாருக்கும் நுரை தள்ள ஆற்றிய டீ, ஆளுக்கொரு தே தாரே.

"மொதல்ல எல்ல எதுன்னு சொல்லுங்கலா," என்று அப்பா ஆரம்பித்தார். "பாதி தோட்டத்த வித்து தாமான் கட்டிட்டான். எல்லக் கல்லு காடி கழுவுற கடைக்கு முன்னுக்கு கெடக்கு. அதுமேல அவன் துணி காய வக்கிறான்."

"கல்லு எங்க கெடக்குதோ அதான் எல்ல," என்றார் பூசாரி.

சேகர் அண்ணன் கையைத் தூக்கினார். "அந்த காலத்துல நம்ம தோட்டத்துக்கு சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு டிவிசன் இருந்துச்சு. அப்பன்னா அதுவும் நம்ம எல்லதான?"

"அத எப்பவோ வேற கம்பெனிக்கு வித்தாச்சு."

"கம்பெனிதான வித்தான். மாரியாத்தா கையெழுத்து போட்டாளா?"

"யோவ், ஆத்தாள லாயர் ஆபீசுக்கெல்லாம் இழுக்காதய்யா," என்று முனியாண்டி மாமா அதட்டினார்.

இந்த இடத்தில் படித்த பிள்ளையான நான் எழுந்து பகுத்தறிவாக நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எனக்குப் பாயிண்டும் வேண்டும், அம்மாவும் வேண்டும். தே தாரேயைக் குடித்தேன்.

அப்போது அம்மா கேட்டாள். "பூசாரி, காப்பு கட்டுன காலு நம்ம மண்ண விட்டு போகக் கூடாது. அவ்ளோதான?"

பூசாரி யோசித்தார். "காலு நம்ம மண்ணு மேல இருந்தா சரி."

"அப்ப அவன் மண்ண எடுத்துக்கிட்டு போவான்."

முனியாண்டி மாமா மேசையைத் தட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: சரவணனின் சப்பாத்துக்குள் தோட்டத்து மண் போடப்படும்.

இப்போதுதான் என் அறிவியல் மனப்பான்மை விழித்தது. மண்ணை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, சப்பாத்தின் உள்மெத்தைக்குக் கீழே வைத்துவிடலாம் என்றேன்.

"காலுல படாதுலா. அது பார்சல் மண்ணு. செல்லாது," என்றார் பூசாரி.

சரி, நேராகவே போடுவோம். ஆனால் கல் குத்தினால் பாதம் புண்ணாகும், பயோமெக்கானிக்ஸ் கெடும் என்று ஒரு குட்டி லெக்சர் கொடுத்துவிட்டு, கோவிலுக்குப் பின்னால் எடுத்த செம்மண்ணை அம்மாவின் மாவு சல்லடையில் சலித்தேன். பவுடர் மாதிரி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. பட்டதாரி சலித்த மண்ணில் வியர்வை இறங்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை.

மறுநாள் போகிற வழி முழுக்கவும் கால் மண்ணில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு. அதனால் அப்பாவின் பழைய காடியில், முன் சீட்டில், துணி துவைக்கிற பேசினில் மண்ணைக் கொட்டி அதில் ரெண்டு காலையும் வைத்துக்கொண்டு, உலகத் தரவரிசையை நோக்கிப் புறப்பட்டேன். பின்னால் கமிட்டி ஒரு வேனில் வந்தது.

பாதி வழியில் போலீஸ் ரோட்பிளாக். போலீஸ்காரர் குனிந்து பேசினைப் பார்த்து, இது என்ன என்று மலாயில் கேட்டார். "இனி ஆப்பா?"

"தானா, துவான்," என்றார் அப்பா, மண்ணுதான் ஐயா என்கிற பணிவோடு.

போலீஸ்காரர் மண்ணைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். சவரம் பண்ணாத முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்புக்கு என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"டெனிஸ், துவான்."

சட்டென்று ரெண்டடி பின்னால் போய், சீக்கிரம் போங்கள் என்று கையைக் காட்டினார். அது தொற்றக்கூடியது என்று நினைத்திருக்க வேண்டும்.

கிளப் கார் பார்க்கில், பேசினுக்குள்ளேயே சாக்ஸைப் போட்டு, சாக்ஸுக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் அம்மா கைப்பிடி கைப்பிடியாக மண்ணை நிரப்பி, மாட்டிவிட்டு நாடாவை இறுக்கினாள். எழுந்து நின்றேன். கொஞ்சம் உயரமாகியிருந்தேன்.

எதிராளி ஓர் ஆஸ்திரேலியாக்காரன். அவனுக்கும் தரவரிசை அப்படியொன்றும் பிரமாதமில்லை, ஆனால் இருந்தது. நாற்காலியில் அம்பயர், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு சீன அக்கா, சிரித்தால் அபராதம் என்கிற மாதிரி முகம். எங்கள் கமிட்டி வேலி ஓரமாக வரிசையாக உட்கார்ந்தது.

முதல் செட்டில் நான் ஓடவில்லை, நாற்று நட்டேன். கால் தூக்கவே வரவில்லை. பந்து வரும், போகும், நான் அதற்கு வழியனுப்பு விழா நடத்துவேன். ஒன்றுக்கு ஆறு என்று தோற்றேன். அந்த ஒரு கேமும் அவன் அடித்த நாலு பந்து வெளியே போனதால் வந்தது. கமிட்டி பாரபட்சம் பார்க்கவில்லை. அவன் பந்து வெளியே போனாலும் கைதட்டியது, என் பந்து வெளியே போனாலும் கைதட்டியது.

"இப்ப யாருக்கு கோலு?" என்று முனியாண்டி மாமா சத்தமாகக் கேட்டார்.

"குவாயட் பிளீஸ்," என்றார் அம்பயர் அக்கா.

ரெண்டாவது செட்டில் கெடாவின் மத்தியான வெயில் தன் வேலையைக் காட்டியது. எனக்கு வியர்வை அருவி மாதிரி ஊற்றும். அது சாக்ஸுக்குள் இறங்கியது. நான் சலித்த நைஸ் மண் குழம்பாக மாறி, சப்பாத்தில் காற்று போக விட்டிருந்த சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே பிதுங்க ஆரம்பித்தது. நீல நிறக் கோர்ட்டில் நான் நடந்த இடமெல்லாம் சிவப்பாக இழுகியது. யாரோ குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைக்கிற மாதிரி.

டென்னிஸில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு கேமுக்கு ஒரு முறை பக்கம் மாறி ஆட வேண்டும். நான் சேறு பூசிய பக்கத்துக்கு அவன் வருவான், அவன் வைத்திருந்த சுத்தமான பக்கத்தை நான் போய் மெழுகுவேன். காலையிலிருந்து மண்ணிலேயே கால் வைத்திருந்த எனக்கு வழுக்கல் பழகிவிட்டது. சறுக்கிக்கொண்டே போய் அடித்தேன். பாரிஸில் செம்மண் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் இப்படித்தான் சறுக்குவார்கள். ஆஸ்திரேலியாக்காரனும் சறுக்கினான், ஆனால் உட்கார்ந்த நிலையில்.

ஆறுக்கு நாலு. ரெண்டாவது செட் எனக்கு.

வேலி ஓரத்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். எனக்குள் ஒரு சாம்பியன் இத்தனை வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பேட்டி எடுக்க வந்தால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மூன்றாவது செட் ஆரம்பித்து ஆளுக்கொரு கேம் ஆனதும், ஆஸ்திரேலியாக்காரன் மூன்றாவது முறையாக விழுந்தான். எழுந்து, பின்பக்கம் முழுக்கச் சிவப்பாக, அம்பயரிடம் போய்க் கையை விரித்தான். அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். என் சப்பாத்தைக் காட்டிக் கழற்றச் சொன்னார்.

வலது சப்பாத்தைக் கழற்றினேன். அவர் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தேன். பொத்தென்று விழுந்தது, கேக்கை அச்சிலிருந்து எடுத்த மாதிரி, என் பாத வடிவத்திலேயே.

"வாட் இஸ் திஸ்?"

"சாய்ல்."

"ஐ கேன் சீ இட்ஸ் சாய்ல். வொய்?"

மாரியம்மன், காப்பு, எல்லைக் கல், நேர்த்திக்கடன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக்க முயன்றேன். "இட்ஸ் மை வில்லேஜ்," என்று வந்தது.

"யுவர் வில்லேஜ் இஸ் இன் யுவர் ஷூ?"

"ஒன்லி எ ஸ்மால் பார்ட்."

ஆஸ்திரேலியாக்காரன் திரும்பி நின்றுகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. என்சிக் ரசாக் ஓடி வந்தார். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு வைல்ட் கார்ட் கொடுத்த தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு தீர்ப்பு. கோர்ட்டைக் கழுவ வேண்டும். நான் காலைக் கழுவி, வேறு சப்பாத்து போட்டு ஆட வேண்டும். மாட்டேன் என்றால் மேட்ச் அவனுக்கு.

"கழட்டாதடா!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா கத்தினாள்.

வேலி ஓரத்துக்குப் போனேன். கமிட்டி அங்கேயே கூடிவிட்டது.

"மேட்ச தோட்டத்துக்கு மாத்த முடியாதா? நம்ம கோர்ட்டு சும்மாதான கெடக்கு?" என்றார் முனியாண்டி மாமா.

"பேசின கோர்ட்டு நடுவுல வச்சு, அதுல நின்னுகிட்டே ஆடுனா?" இது சேகர் அண்ணன்.

"பந்து பேசினுக்கு வந்து சேருமாய்யா?" என்றார் அப்பா.

அம்மா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள். ஒன்றில் சப்பாத்து, ஒன்றில் சேறு. கழற்றினால் காப்பு விரதம் முறிந்து என் கைக்கு என்ன ஆகுமோ என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தாள். கழற்றாவிட்டால் அவள் கேட்ட பாயிண்ட் அங்கேயே முடிந்தது. கோர்ட்டில் ஒருவன் ரப்பர் குழாயை வைத்து என் ரெண்டாவது செட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கழட்டுடா," என்றாள்.

"ம்மா, நேத்து முழுக்க கூட்டம் போட்டு..."

"கழட்டுடா. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னான்னு பேசுவ?"

"அது எனக்கும் அவளுக்கும். நீ போய் அந்த பாயிண்ட எடு."

குழாயடியில் காலைக் கழுவினேன். பையிலிருந்த பழைய சப்பாத்தைப் போட்டேன். அப்படி ஒரு லேசு! பறக்கலாம் போல இருந்தது. சுத்தமான கோர்ட், சுத்தமான கால், அம்மாவின் அனுமதி, எதிரே பின்பக்கம் வலிக்கிற ஓர் ஆள். இனி என்னைத் தடுக்க உலகத்தில் எதுவும் இல்லை.

ஒன்றுக்கு ஆறு.

காலில் பாரம் இல்லாமல், தரையில் வழுக்கல் இல்லாமல், நிம்மதியாக, சொந்தத் திறமையாலேயே தோற்றேன். எனக்குள் விழித்தது சாம்பியன் இல்லை, சேறுதான் என்பது மூன்றாவது கேமிலேயே தெரிந்துவிட்டது. முதல் செட்டில் மண்ணைக் குறை சொல்ல முடிந்தது. இப்போது குறை சொல்ல நான் மட்டும்தான் மிச்சம்.

நெட்டில் கைகொடுக்கும்போது ஆஸ்திரேலியாக்காரன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான், ரெண்டாவது செட்டில் நீ அருமையாக ஆடினாய் என்று.

காடியில் திரும்பும்போது பேசின் என் காலடியில்தான் இருந்தது. யாரும் காலை வை என்று சொல்லவில்லை. ரொம்ப தூரம் வந்த பிறகு அம்மா கேட்டாள்.

"மண்ணு இருந்தப்ப ஜெயிச்ச. மண்ணு இல்லாதப்ப தோத்த. என்னாடா?"

உராய்வு, ஈரப்பதம், எதிராளியின் சமநிலை என்று ஸ்போர்ட்ஸ் சயின்ஸில் விளக்கினேன். அப்பா ரேடியோவைப் போட்டார். அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்க முடிவு கட்டியாகிவிட்டது. கமிட்டியின் தீர்மானம் மிகச் சரியானது, அமல்படுத்தியவன்தான் பாதியில் காலை வாரிவிட்டான். முதல் செட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கை விளங்காமல் போகவில்லை; ஆனால் என் பேக்ஹேண்டைப் பார்த்துவிட்டு, போய்விட்டது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

கொடி இறங்குவதற்கு முன்னால் பால்குடம் எடுத்தேன். வேண்டுதலில் இல்லாத இன்னொரு பால்குடத்தை அம்மா எடுத்தாள். ஆத்தாளிடம் என்ன பேசினாள் என்று இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வாசல் வாசலாகப் போய் அடி வாங்கினேன். மெயின் ட்ரா மறுபடி வரவில்லை. வேறு எந்த அமைப்பாளரும் வைல்ட் கார்ட் கொடுக்கத் துணியவில்லை, அந்த விஷயத்தில் என்சிக் ரசாக் நல்ல விளம்பரம் செய்திருந்தார். அந்த ஒரு பாயிண்ட் வராமலே சந்தா காலாவதியானது. இப்போது தாமான் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஜெயித்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்பதில்லை, நல்ல பிள்ளைகள்.

ஆனால் வருஷம் ஒரு முறை நான் பிரபலம். காப்புக் கட்டுகிற அன்று, வரிசை நிற்க ஆரம்பித்ததும் முனியாண்டி மாமா மைக்கைக் கையில் எடுப்பார். தொண்டையைச் செருமுவார்.

"காப்பு கட்டுற பிள்ளைங்க கவனிங்க. இண்டர்வியூ, பாஸ்போர்ட்டு, எது இருந்தாலும் மொதல்ல போய் முடிச்சிட்டு வந்துருங்க. டென்னிஸ் ஆடுறவங்க யாரும் தயவுசெஞ்சு லைன்ல நிக்காதீங்க. கமிட்டி இனிமே மண்ணு குடுக்காது."

எங்கள் தோட்டத்தில் டென்னிஸ் ஆடுகிறவன் ஒரே ஒருத்தன். கோவிலே திரும்பிப் பார்க்கிறது. முன்வரிசையில் முதல் ஆளாகச் சிரிக்கிறது என் அம்மா.